வட்டத்திலிருந்து வகுப்புக்கு: தெரு நடனம் எல்லாருக்குமான கல்வியான வரலாறு

சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர், எழுபது வயது கடந்தவர், கட்டணம் கட்ட வழியில்லாத சிறுவர் என யாரும் சேர்ந்து ஆடக்கூடிய ஹிப் ஹாப் வகுப்புகள் இன்று உலகின் பல நகரங்களில் நடக்கின்றன. இவற்றைச் சமூக சேவையின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. நல்ல மனம் கொண்ட சிலர் நடனத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கருணை என்பது அந்தப் பார்வை. அதை இக்கட்டுரை மறுக்கிறது. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மை இந்த ஆட்டத்தின் இலக்கணத்திலேயே இருந்தது. ஆட்டம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அது மங்கியது. பிறகு மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள்தாம் அதை மீட்டார்கள்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்தை ஹிப் ஹாப்பின் தொடக்கமாகக் கொள்வது மரபு. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற இளம்பெண் அதை நடத்தினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். பாட்டில் குரல் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை அவர் நீட்டித்தார். ‘பிரேக்’ எனப்பட்ட அந்த இடத்துக்காகக் காத்திருந்து ஆடியவர்களே பி-பாய்களும் பி-கேர்ள்களும்; அவர்கள் ஆட்டமே பிரேக்கிங். அங்கே ஆசிரியர் கிடையாது. சுற்றி நின்று பார்ப்பது, பழகுவது, துணிவு வந்ததும் வட்டத்துக்குள் இறங்குவது, அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்டிப்பு இருந்தது: இன்னொருவரின் அசைவை அப்படியே எடுத்து ஆடுவது திருட்டு. ஆளுக்கொரு நடை வேண்டும்.

இந்தக் கண்டிப்பின் ஆழம் புரிய, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1970 வாக்கில், லாஸ் ஏஞ்சலிஸில் தொழிற்கல்லூரி மாணவராக இருந்த டான் கேம்ப்பெல் அப்போது பரவியிருந்த ‘ஃபங்கி சிக்கன்’ ஆட்டத்தைக் கற்க முயன்றார். கை சரியாக மடங்கி விரியவில்லை, பாதியில் நின்றுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களை நோக்கி அவர் விரலை நீட்டினார். அந்தத் தடங்கலும் அந்த விரல்நீட்டலும் சேர்ந்து ‘லாக்கிங்’ என்ற முழு நடனவகையாக வளர்ந்தன. டோனி பேசிலுடன் அவர் அமைத்த ‘தி லாக்கர்ஸ்’ குழு அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றது. உடல் ஒத்துழைக்காத இடத்தையே அசைவின் பிறப்பிடமாக ஏற்றுக்கொண்ட கலை இது. என் வாதத்துக்கு இதைவிடப் பலமான சான்று எனக்குத் தேவையில்லை.

இலக்கணம் இப்படி இருந்தாலும், நடைமுறையில் வட்டம் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. பிரேக்கிங் குழுக்களில் பெண்கள் மிகக் குறைவு. தன்பாலீர்ப்புள்ள கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் ஹார்லெமின் பால்ரூம் அரங்குகளில் ‘வோகிங்’கையும் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்புகளில் ‘வாக்கிங்’கையும் தனியே வளர்க்க வேண்டியிருந்தது.

வகுப்பு என்ற வடிவம் வந்தது 1980களில். 1984இல் ‘பிரேக்கிங்’, ‘பீட் ஸ்ட்ரீட்’ என்ற இரு திரைப்படங்கள் இந்த ஆட்டத்தை உலகெங்கும் பரப்பின. அதே ஆண்டில் பிரான்சின் டிஎஃப்1 தொலைக்காட்சியில் சிட்னி என்ற கலைஞர் வாரந்தோறும் ஹிப் ஹாப் நிகழ்ச்சி நடத்தி, அதிலேயே சிறுவர்களுக்கு அசைவுகளைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். புறநகர்களில் பொதுப்பணத்தில் இயங்கிய இளைஞர் மையங்கள் பயிற்சிக்கு இடம் கொடுத்தன. லியோன் நகரையொட்டிய சேன்-பிரியெஸ்டில் வளர்ந்த மூராத் மெர்ஸூகி 1996இல் ‘காஃபிக்’ குழுவைத் தொடங்கி, 2009இல் கிரெத்தேயில் நகரின் தேசிய நடன மையத்துக்கு இயக்குநரானார்.

தனியார் ஸ்டூடியோக்களின் கதை வேறு. அங்கே சுவர் முழுக்கக் கண்ணாடி; எட்டு வரை எண்ணி ஆடும் வரிசை; எல்லாரும் ஒரே மாதிரி. எதைத் திருட்டு என்று வட்டம் ஒதுக்கியதோ அதுவே வகுப்பின் முறையாயிற்று. கண்ணாடியில் முன்வரிசையைப் போலத் தெரியாத உடலுக்கு அங்கே இடமில்லை.

சமகால நடனத்தில் கலிஃபோர்னியாவின் ‘ஆக்ஸிஸ்’ 1987லும் லண்டனின் ‘கேன்டோகோ’ 1991லும் மாற்றுத்திறனாளிகளோடு தொழில்முறை மேடை ஏறிவிட்டன. தெரு நடனத்தில் திருப்பம் 2007இல் வந்தது. மான்ட்ரியலைச் சேர்ந்த லூக்கா பட்டுவெலி, மேடைப் பெயர் ‘லேசிலெக்ஸ்’, ‘இல்-எபிலிட்டீஸ்’ என்ற பன்னாட்டுக் குழுவை அமைத்தார். மூட்டுகள் இறுகிப்போகும் ஆர்த்ரோகிரைபோசிஸ் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. பிரேக்கிங்கில் காலடி வேகம் முக்கியம். அவரோ உடலின் பாரத்தைத் தோளுக்கும் கைக்கும் மாற்றினார். ஊன்றுகோல்களைத் தரையில் ஊன்றி உடம்பு முழுவதையும் காற்றில் நிறுத்துகிறார். அந்தக் கோல்கள் அவருக்கு நீண்ட கைகள்.  செவித்திறன் குறைந்த ‘கூஜோ’ அக்குழுவின் தொடக்கக்கால உறுப்பினர்.

இவர்கள் மேடையோடு நிற்காமல் பயிலரங்குகளும் நடத்தியதில்தான் கல்விமுறை மாறுகிறது. ‘வலது காலை முன்னே வை’ என்பது காலில்லாதவரை வெளியே தள்ளும் கட்டளை. ‘பாரத்தை வலப்பக்கம் கொண்டுபோ’ என்பது எல்லா உடலுக்கும் பொருந்தும். ஆசிரியர் சொல்ல வேண்டியது அசைவின் நோக்கத்தை. எந்த உறுப்பால் என்பதை ஆடுபவர் முடிவு செய்வார். பயிற்சியின் முடிவில் எல்லாரும் வட்டமாக நின்று ஒருவர்பின் ஒருவராக ஆடும்போது பிராங்ஸின் பழைய கண்டிப்பு திரும்ப உயிர்பெறுகிறது.

வயது என்ற வேலியை நியூசிலாந்தின் வைஹெக்கே தீவு முதியோர் குழு உடைத்தது. 2013இல் அவர்கள் லாஸ் வேகாஸின் உலக ஹிப் ஹாப் போட்டி மேடையில் ஆடினார்கள். பணம் என்ற வேலிக்கு மும்பை தாராவி எடுத்துக்காட்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் அந்தப் பகுதியில், ‘ஸ்லம்காட்ஸ்’ குழுவினர் சிறுவர்களுக்கு இலவசமாக பிரேக்கிங் கற்பித்தார்கள்.

இப்போது சிக்கல் சான்றிதழில் வந்து நிற்கிறது. பிரான்சில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலே, சமகால நடனம், ஜாஸ் ஆகியவற்றைச் சம்பளத்துக்குக் கற்பிக்க அரசு டிப்ளமா வேண்டும். ஹிப் ஹாப்புக்கு அது இல்லை. அதற்கும் டிப்ளமா கொண்டுவர வழிசெய்யும் மசோதா 2024இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஹிப் ஹாப் கலைஞர்களில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தனர். மாணவரின் உடல்நலனுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை என்ற அரசுத் தரப்பு நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் தேர்வுக்கூடத்தில் எந்த உடலை அளவுகோலாக வைக்கப்போகிறார்கள்? ஊன்றுகோலில் நின்று ஆடுபவர் ஆசிரியராகத் தேர்ச்சி பெற முடியாத பாடத்திட்டம் எழுதப்பட்டால், அதைத் தெரு நடனத்தின் பாடத்திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.