கணினி வரைகலை நூலகங்களும் தமிழ் எழுத்தும்

கணினி மொழிகளுடன் வரும் வரைகலை நூலகங்கள் கோடு, வட்டம், கட்டம் முதலியவற்றை எந்த நாட்டவருக்கும் ஒரே மாதிரி வரைந்து தருகின்றன. எழுத்து என்று வரும்போதுதான் வேற்றுமை தெரிகிறது. அந்நூலகங்களில் தமிழ் பல ஆண்டுகள் விடுபட்டே இருந்தது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை முழுவதும் பயின்றது டர்போ சி. அதன் வரைகலை நூலகத்தில் எழுத்தை வரைய 'அவுட்டெக்ஸ்ட்எக்ஸ்ஒய்' என்னும் செயற்கூறு உண்டு. அதனுடன் வந்த எழுத்துருக்கள் ஆங்கிலத்திற்கானவை. திரையில் 'அ' வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாகவோ வளைகோடுகளாகவோ நாமே வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

1996-இல் வெளிவந்த ஜாவா நம்பிக்கை தந்தது. அதன் எழுத்து வகை 16 பிட் கொண்டது. ஒருங்குறியை அடிப்படையாக ஏற்றது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் எண்ணைச் சேமிப்பது வேறு, எழுத்தை வரைவது வேறு. ஜாவாவின் முதல் 'கிராஃபிக்ஸ்' வகுப்பில் கோட்டின் தடிமனைக்கூட மாற்ற இயலாது. 1998 டிசம்பரில் வந்த ஜாவா 2டி அந்தக் குறையைத் தீர்த்தது. 'டெக்ஸ்ட்லேஅவுட்' என்னும் வகுப்பையும் தந்தது. வலமிருந்து இடமாக எழுதும் அரபு, எபிரேயம் ஆகியவை அதனால் பயன்பெற்றன. 2002-இல் வந்த 1.4 பதிப்பு இந்தியையும் தாய்லாந்து மொழியையும் சேர்த்தது. இந்திய மொழிகளுள் இந்திக்கு முதலிடம் கிடைத்தது. தமிழ் வரிசையில் பின்னால் நின்றது.

குறை எங்கே என்பதை 'வீரசோழன்' என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு பார்க்கலாம். திருச்சுழிப் பக்கத்து ஊர் இது. நமக்கு இதில் ஐந்து எழுத்துகள்: வீ, ர, சோ, ழ, ன். கணினிக்கு எட்டுக் குறிகள்: வ, ஈகாரக் குறி, ர, ச, ஓகாரக் குறி, ழ, ன, புள்ளி. 'சோ' என்பதில் முதலில் சேமிக்கப்படுவது ச. பின்னரே ஓகாரக் குறி. வரையும்போது அக்குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக் கொம்பைச் சகரத்தின் இடப்புறமும் காலை வலப்புறமும் வைக்க வேண்டும். இதை அறியாத நூலகம் ச-வை எழுதிவிட்டு, கொம்பையும் காலையும் அதன் பின்னால் சேர்த்து வைத்துவிடும். முதல் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதினால் சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வோம்.

அகலம் அளப்பதிலும் இதே தொல்லை. 'ஃபான்ட்மெட்ரிக்ஸ்' வகுப்பைக் கொண்டு ஒவ்வொரு குறியின் அகலத்தையும் தனித்தனியே கூட்டினால், முழுச் சொல்லின் அகலம் சரியாக வராது. 'ழு' போன்ற எழுத்தில் உகரக் குறி மெய்யோடு ஒட்டி வேறு வடிவம் எடுத்துவிடுகிறதல்லவா? குறுக்கெழுத்துப் புதிர் செய்ய முயலும் மாணவர், கட்டத்திற்கு ஒரு குறி வீதம் இட்டால் புள்ளி தனிக்கட்டத்தில் போய் உட்காரும்.

பழைய எட்டு பிட் தமிழ்க் குறியாக்கங்களில் இந்தச் சிக்கல் இல்லை. திஸ்கியில் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். எனவே குறிகளை அடுத்தடுத்து அடுக்கினாலே சரியான எழுத்து வந்தது. ஒருங்குறி வந்த பின்னும் பலர் பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருந்ததற்கு இது முக்கியக் காரணம்; பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, ஒருங்குறி முழுமையாக இயங்காத இடங்களுக்கென டேஸ்16 குறியாக்கத்தையும் அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. பிரிக்கவும் இடம் மாற்றவும் வேண்டாம்.

எழுத்தைக் கோக்கும் பணியைத் தனிப்பொறியிடம் விடுவதே பொது வழக்கமாயிற்று. ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூலப் பொறி அத்தகையது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 அதையே தன் எழுத்துக் கோப்புப் பொறியாக ஏற்றது. பைத்தான் மொழியில் படம் வரையப் பரவலாகப் பயன்படும் பில்லோ நூலகமும் அதே ஆண்டில், 4.2 பதிப்பில், ராக்ம் வழியாக இந்த வசதியைப் பெற்றது. ராக்ம் இல்லாத கணினியில் பில்லோ பழைய எளிய முறைக்கே திரும்பிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. படம் வரும், எழுத்து மட்டும் சிதைந்திருக்கும். சான்றிதழோ அடையாள அட்டையோ அச்சிடும் நிரல் எழுதுவோர், கொ, சோ, கை, ழு ஆகிய நான்கையும் முதலில் வரைந்து பார்த்துக்கொள்வது நல்லது.