செவியே சாட்சி

1916-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில் முதலாவது அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. தஞ்சையிலிருந்து அங்கு சென்றவர்களுள் ஒருவர் ராவ்சாகிப் ஆபிரகாம் பண்டிதர். தொழிலால் சித்த மருத்துவர். வேட்கையால் இசை ஆராய்ச்சியாளர். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்று வடமொழி நூல்கள் வகுத்தன. சிலப்பதிகாரம் குறிக்கும் வட்டப்பாலையை ஆராய்ந்த பண்டிதரோ, தமிழர் கண்டவை சமமான 24 சுருதிகளே என்று நிலைநாட்ட முனைந்தார்.

இந்த வேறுபாடு எத்துணைச் சிறியது என்பதைப் பாருங்கள். ஸ்தாயியை 1200 நுண்பங்குகளாகக் கொண்டால், பண்டிதர் கணக்கில் அந்தர காந்தாரம் 400-ஆம் பங்கில் நிற்கும். 5:4 என்னும் விகிதப்படி தந்தியைப் பகுத்தால் அது 386-இல் நிற்கும். இடைவெளி வெறும் 14 பங்கு! தம்பூராவோடு இழைந்து நீண்டு ஒலிக்கையில் தேர்ந்த செவி இதை உணரும். விரைந்தோடும் கமகத்தில் நழுவ விட்டுவிடும்.

பண்டிதர் வெறும் சொல்லோடு நில்லாமல், தம் குடும்பத்துப் பெண்மணிகளைக் கொண்டு சுருதிகளை இசைத்துக் காட்டச் செய்தார். செவியே நீதிபதியாகட்டும் என்ற அத்துணிவு பாராட்டத்தக்கது. எதிர்த்தரப்பில் தேவல், கிளெமெண்ட்ஸ் ஆகியோர் 22 சுருதிகளுக்கென அமைந்த ஆர்மோனியத்தைக் கொணர்ந்திருந்தனர். ஆயினும் ஒரு குறை. இசைப்பவர் யார், எக்கொள்கைக்காக இசைக்கிறார் என்பதை அவையோர் அனைவரும் முன்பே அறிந்திருந்தனர். அவர்கள் தலையசைத்தது செவியின் தீர்ப்பா, அபிமானத்தின் தீர்ப்பா? வழக்கு முடியவில்லை. பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார். நமது வானொலியும் இதே சுருதி வழக்கில் ஒரு தீர்ப்பளித்து, 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது.

பரோடாவில் இல்லாத திரை, பிற்காலத்தில் வேறொரு வழக்கிற்குக் கிடைத்தது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை விலையுயர்ந்ததாக மாற்றினால் இசை சிறக்கும் என்று வணிகர் கூறலாயினர். 1983-இல் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ என்னும் அமெரிக்க இதழ், எந்தக் கம்பி இணைந்துள்ளது என்பதை மறைத்துவைத்துச் சிலரைக் கேட்கச் செய்தது. இசையைக் கேட்கையில், சாதாரணத் தடித்த கம்பிக்கும் விலையுயர்ந்த கம்பிக்கும் வேற்றுமை காண அவர்களால் இயலவில்லை. மிக மெல்லிய கம்பியை மட்டும், சீரான இரைச்சலொலியை வைத்துக் கண்டுகொண்டனர்.

அதற்குக் காரணம் மின்தடையே. அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக்கம்பி 30 அடி சென்று திரும்பினால் ஏறத்தாழ ஒன்றரை ஓம் தடை சேரும். ஒலிபெருக்கியோ பெரும்பாலும் 8 ஓம் கொண்டது. ஆகவே ஒலி சற்றே குன்றும். புத்தலப்பட்டில் வாழும் நம் நேயர்களுக்கு இது புதுமையன்று. அருகிலுள்ள காணிப்பாக்கத்துத் திருவிழா போன்ற கூட்டங்களில் ஒலிபெருக்கி கட்டுவோரைக் கேளுங்கள். நெடுந்தொலைவுக்குத் தடித்த கம்பி வேண்டும் என்பார்கள். கம்பியின் பெயரைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.