ஊருக்கு ஓர் அம்மா

‘மலையாளி’ என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? டீக்கடை நாயர், மம்முட்டி, மோகன்லால்... சரிதான். ஆனால், தர்மபுரி மாவட்டத்துக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலைப் பக்கங்களில் வாழும் பழங்குடி மக்களுக்கும் மலையாளி என்றுதான் பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. கேரளாவுக்கும் அவர்களுக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது.

1993ல்தான் அந்த ஒட்டுறவு ஏற்பட்டது! ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ரெஜி ஜார்ஜ், அவர் மனைவி டாக்டர் லலிதா இருவரும் அந்த வருடம் அரூர் தாலுகாவில் உள்ள சிட்லிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். (ஊர்ப் பெயரைச் சித்திலிங்கி என்றும் எழுதுகிறார்கள், சிட்லிங் என்றும் எழுதுகிறார்கள். பஸ் போர்டை நம்பிப் போனால் சரி!) ஒரு பக்கம் சித்தேரி மலை, மறு பக்கம் கல்வராயன் மலை, நடுவே பள்ளத்தாக்கு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் குக்கிராமங்கள். மலையாளிகளோடு லம்பாடி மக்களும் அங்கே உண்டு.

அப்போது அங்கே நிலைமை என்ன தெரியுமா? பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டின் சராசரி 60க்குள் இருந்தது. காரணங்களும் பெரிய புதிரில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, சத்துக் குறைவு, பிரசவத்தில் சிக்கல். ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஆபரேஷன் என்றால் இன்னும் தூரம். வலி எடுத்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எத்தனை மைல் நடப்பது?

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அதற்கு முந்தின வருடம்தான், 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் புகுந்தார்கள். ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோனவர்கள் தவிர மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே தாலுகா, அதே மலையாளி மக்கள். பேன்ட் சட்டை போட்ட வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ‘உங்களுக்கு உதவி செய்யப் போகிறேன்’ என்றால் அந்த மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ரெஜியும் லலிதாவும் திடீரென்று ஒருநாள் இங்கே குதித்துவிடவில்லை. அதற்கு முன் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்து கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிட்லிங்கியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பித்த சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம். சின்ன வயதிலேயே கல்யாணம், சின்ன வயதிலேயே விதவை. கணவர் டாக்டர். அவர் போன பிறகு, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரிக்குப் போய்த் தானும் டாக்டராகித் திரும்பினார். பிறகு காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மணந்தார். அந்தக் காலத்தில் பணக்கார வைதீகக் குடும்பத்து விதவை ஒருத்தி மறுமணம், அதுவும் சாதி விட்டு சாதி! வீட்டில் எத்தனை இடி மின்னல் அடித்திருக்கும்!

1944ல் கஸ்தூர்பா சிறையில் இறந்தார். அவர் பெயரில் நாடு முழுக்கத் திரண்ட நிதி, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தோளில் போட்டுக்கொண்டவர் சௌந்தரம். ‘கிராம சேவிகா’ என்று பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1947ல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மருத்துவமனையையும் ஆரம்பித்தார். கிராமத்து வைத்தியத்துக்கு முதலில் தேவை பெண்கள், கட்டடம் அப்புறம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த எண்ணம் விளைந்த மண்ணில்தான் ரெஜியும் லலிதாவும் டாக்டர்களாகக் காலம் கழித்தார்கள். பிறகு பல மாநிலங்களைச் சுற்றி, யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு சிட்லிங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் ஆஸ்பத்திரி ஒரு குடிசை. ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. ஒரு பல்பு, ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் ஆஸ்தி! மூன்று வருடம் அதில்தான் வைத்தியம். 1996ல் 10 படுக்கைகளோடு ஒரு கட்டடம் எழுந்தது. பின்னாளில் அது 35 படுக்கைகளாக வளர்ந்தது. ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்று அமைப்புக்குப் பெயர்.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் வழக்கமாக எப்படி எழுதும்? ‘நகர வாழ்க்கையை உதறிய டாக்டர் தம்பதி’ என்று தலைப்பு, இருவரும் சிரித்தபடி ஒரு போட்டோ. தப்பில்லை, உதறியது உண்மைதான். ஆனால் 147 எப்படி இறங்கியது என்ற கேள்விக்கு அந்த போட்டோவில் பதில் கிடையாது.

கொஞ்சம் யோசியுங்கள். குழந்தை சாவது ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு, மலைமேல் ஒரு குடிசையில், பச்சைக் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது. இது சாதாரணச் சளியா, நிமோனியாவா? யார் சொல்வது? இரண்டு டாக்டர்கள் என்ன, இருபது டாக்டர்கள் இருந்தாலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்க முடியாது.

மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்ற வறண்ட ஊர். 1970ல் அங்கே போன ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியும் (அவர்களும் டாக்டர்கள்தான்) இதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். படித்த நர்ஸுகளைக் கிராமங்களில் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. கிராமத்தில் தங்க நர்ஸுக்கு இஷ்டமில்லை. டவுன்காரி சொல்வதைக் கேட்கக் கிராமத்துக்கும் இஷ்டமில்லை! கடைசியில் அந்தந்த ஊர்ப் பெண்களையே பிடித்தார்கள். பலர் தலித் பெண்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் ஜெயித்தார்கள். ஆரோலே தம்பதிக்கு 1979ல் மகசேசே விருது கிடைத்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் நிமோனியாவை எப்படிக் கண்டுபிடிப்பார் என்கிறீர்களா? அதே மகாராஷ்டிராவில் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி அதற்கு ஒரு கருவி செய்தார்கள். ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பத்து வரை எண்ண வேண்டும். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருவதற்குள் சிவப்பு மணி வரை வந்துவிட்டதா? நிமோனியா, மருந்து கொடு. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்! 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களை வைத்து வீட்டிலேயே பச்சைக் குழந்தைகளைக் கவனித்ததில், அவற்றின் சாவு 62 சதவிகிதம் குறைந்தது என்று 1999ல் ‘லான்செட்’ பத்திரிகையில் கணக்கோடு நிரூபித்தார்கள்.

வயிற்றுப்போக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1980களில் பங்களாதேஷில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். இவ்வளவுதான் பாடம். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் தந்த முறைதான் தமாஷ். சில நாள் கழித்து வேறொருவர் போய், சொல்லிக்கொடுத்ததை அந்த வீட்டுத் தாய் சரியாகச் சொல்கிறாளா என்று கேட்பார். தாய் வாங்கும் மார்க்குக்கு ஏற்றபடிதான் டீச்சருக்குப் பணம்! நம் ஸ்கூல்களில் இதை அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

சிட்லிங்கியிலும் இதே வழிதான். ஒவ்வொரு குக்கிராமமும் தனக்கென ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ‘ஹெல்த் ஆக்ஸிலரி’ என்று ஆஸ்பத்திரிக் கணக்கில் பேர். பெரும்பாலும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குமரிப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் நாளைக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போய்விடுவாள். நாலு பிள்ளை பெற்ற அம்மா எங்கேயும் போக மாட்டார். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதே, பிறந்த உடனே குழந்தையைக் குளிப்பாட்டாதே, துணி சுற்றி நெஞ்சோடு அணைச்சு வெச்சுக்கோ என்று அவர் சொன்னால் மாமியார்க்காரி எதிர்த்துப் பேச முடியாது. ஏனென்றால் அந்த மாமியார் வயசுதான் இவருக்கும்!

வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்ப்பது, குழந்தையை எடை போடுவது, எடை ஏறவில்லை என்றால் அடுப்பங்கரையில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பது, ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடுவது... இதுதான் வேலை. இன்னொரு பக்கம், பள்ளிப் படிப்போடு நின்றுபோன ஊர்ப் பெண்பிள்ளைகளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர் வேலை எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. 147 என்ற எண் வருடாவருடம் இறங்கி, 20ஐ ஒட்டி வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசில்லை. இந்த மாதிரிப் பெண்களை என்ன சொல்லி அழைப்பது? ‘தன்னார்வத் தொண்டர்’ என்கிறோம். காதுக்கு இனிமையான வார்த்தை. ஆனால் இதே யோசனையை 2005ல் மத்திய அரசு ‘ஆஷா’ என்ற பெயரில் நாடு முழுக்கக் கொண்டுபோனபோது, அந்த வார்த்தைதான் வினையாகிவிட்டது. தொண்டர்தானே, எதற்குச் சம்பளம்? பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை போதும் என்று முடிவானது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் நம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. விருது வாங்கின பிறகும் அவர்கள் அரசு ஊழியர் இல்லை. சம்பளம் கேட்டுப் பல மாநிலங்களில் வெயிலில் உட்கார்ந்து போராடினார்கள். நாமெல்லாம் ஆபீஸில் செய்தால் ‘வேலை’, ஏழைப் பெண் செய்தால் ‘சேவை’. என்ன நியாயமோ!

சிட்லிங்கியில் அடுத்தடுத்து நடந்ததைப் பார்த்தால், பணத்தை விட்டுவிட்டு ஆரோக்கியத்தை மட்டும் பேச முடியாது என்பது அந்த டாக்டர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது என்று தோன்றுகிறது. உரம், பூச்சிமருந்து வாங்கி விவசாயம் கடனில் முடிந்தது. குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கூலி வேலைக்குக் கிளம்பினார்கள். தாத்தா காலத்துக் கேழ்வரகும் சாமையும் தட்டிலிருந்து காணாமல் போயின. ஆகவே ஆஸ்பத்திரி விவசாயத்தில் இறங்கியது! 2000களில் இயற்கை விவசாயிகளைச் சேர்த்துச் சங்கம் கட்டினார்கள். சிறுதானியத்தை மாவாகவும் தின்பண்டமாகவும் ஆக்கி விற்கும் வேலையையும் பெண்கள் குழுக்கள் எடுத்துக்கொண்டன.

லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய உடையைக் கைவிட்டதும் அந்தத் தையலும் மறந்துபோயிற்று. ஒரு சில வயதான பெண்களின் விரல்களில்தான் மிச்சம் இருந்தது. அவர்களிடமிருந்து இளம் பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டு, ‘போர்காய்’ என்ற பெயரில் சேலை, குர்தா, பை என்று தைத்து விற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பாஷையில் போர்காய் என்றால் பெருமை. வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், திருப்பூர் பஸ் ஏற வேண்டாம்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சிட்லிங்கி பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்தவர் ஒரு பழங்குடிப் பெண். அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, வருடக்கணக்காக அதே பள்ளத்தாக்கில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். யார் வீட்டில் யார் கர்ப்பம், எந்தத் தெருவில் தண்ணீர் சரியில்லை என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.