ரயிலேறி வந்த நீலச் சிலந்தி

ஆவடி வீட்டு முருங்கையில், வலை நடுவே பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்குமே, அது பாட்டிக்கு வெறும் எட்டுக்கால் பூச்சிதான். ஆர்கியோப் பேரினம் என்பதுவரை நானே சொல்லிவிடுவேன். எந்த வகை என்று தீர்க்க, பெண் சிலந்தியின் அடிவயிற்றுத் தகட்டை லென்ஸில் பார்த்தாக வேண்டும்.

அந்த வேலையில் ஊறியவர் லண்டன் அருங்காட்சியகத்து போகாக். இந்தியத் தேள், சிலந்திகளுக்கு 1900இல் புத்தகமே போட்டார். முந்தைய வருஷம் அவர் பெயரிட்ட நீலச் சிலந்தி கிடைத்தது காட்டில் இல்லை. எங்கள் ஊர்த் தண்டவாளம் நீண்டு போய்ச் சேரும் ஆந்திரத்துக் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில்! மரத்தோடு மரமாக வண்டியேறி வந்திருக்க வேண்டும். அதன் சொந்தக் காடு நந்தியால் பக்கம். அங்கே கண்ணில் பட 2001 ஆனது.

ஆவடியில் சரக்கு வண்டி நின்றால், என் கண் இன்றும் பெட்டி இடுக்குகளைத்தான் துழாவும்.