எரிக்கிறதுக்குப் பதிலா ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே?

2006 செப்டம்பர் 17 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் நீல் பூர்மன் என்பவர் தன்னுடைய பிராண்ட் பொருட்களையெல்லாம் குவித்துப் போட்டுத் தீ வைத்தார். லூயி வித்தோன், குச்சி என்று ஆசை ஆசையாய்ச் சேர்த்தவை. அதன்பின் ஒரு வருஷம் பிராண்டே இல்லாமல் வாழ்வது என்று முடிவு.

ஆள் சாமியார் இல்லை. 'ஸ்லீஸ்நேஷன்' என்ற ஸ்டைல் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். எது 'கூல்' என்று இளைஞர்களுக்குச் சொல்வதே பிழைப்பு. சட்டையை விற்கணும்னா துணியைப் பற்றிப் பேசாதே, அதைப் போட்டவனைப் பற்றிப் பேசு என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். பூர்மன் சொன்னது இதுதான்: அந்தக் கதையை நானே நம்பிவிட்டேன். எதிரில் வருகிறவரை அவர் போட்டிருக்கும் ஷூவை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

உடனே எல்லோரும் கேட்ட கேள்வி: இதை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே? நியாயமான கேள்விதான். ஆனால் புதுக் கேள்வி இல்லை.

1921 ஜூலை 31 அன்று பம்பாய் பரேலில் காந்தி அந்நியத் துணிகளைக் கொளுத்தியபோது, அவருடைய நெருங்கிய நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸே மனம் வருந்தி எழுதினார். அதே செப்டம்பரில் 'யங் இந்தியா'வில் காந்தி பதில் சொன்னார். நமக்கு ஆகாது என்று ஒதுக்கியதை ஏழையின் தலையில் கட்டுவது தானமா? ஏழைக்கும் மானம் உண்டு, இல்லையா?

பூர்மனின் தர்க்கமும் கிட்டத்தட்ட இதுதான். தன்னைப் பிடித்த நோயை அடுத்தவருக்குக் கொடுப்பானேன்? இதுவரை இரண்டு தீயும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. வித்தியாசம் அதற்கு அப்புறம்தான்.

எரித்துவிட்டு எதை உடுத்துவது? காந்தியிடம் ராட்டை இருந்தது, கதர் இருந்தது. அதுவும் சிக்கலில்தான் முடிந்தது. மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் ஜனங்கள் சொன்னார்கள்: கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழ வேட்டிக்கு மாறினார். ஏழையால் முடியாத விரதத்தை ஏழைக்கு உபதேசம் பண்ண அவருக்கு மனசு வரவில்லை.

பூர்மனிடம் ராட்டை இல்லை. சோப்பு, பற்பசை என்று எதைத் தொட்டாலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும் ஊர் அது. காரணம் பழையது. 1880களில் வில்லியம் லீவர் 'சன்லைட்' சோப்புக்குப் பெயர் வைத்து, உறை போட்டு விற்கத் தொடங்கினார். அதற்கு முன் சோப்பைக் கடைக்காரர் பாளத்திலிருந்து வெட்டி எடை போட்டுக் கொடுப்பார். நம்பிக்கை கடைக்காரர் மேல். பிறகு அது உறை மேல் இருந்த பெயருக்குப் போய்விட்டது. பிராண்டை விடணும்னா அந்தக் கடைக்காரரும் திரும்பி வரணும். ஒருத்தர் தனியாக அதைச் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. தீயை முன்கூட்டியே அறிவித்தார். 2007-இல் அனுபவம் புத்தகமாக வந்தது. விளம்பரத்தை விட்டவருக்கும் விளம்பரம் தேவைப்பட்டது. கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. தன் கையாலேயே தன் மேல் சோதனை செய்து, எங்கே வலிக்கிறது என்று வெளியே சொன்னாரே, அது பெரிய விஷயம். ஆனால் காந்தியிடம் ரயில் பயணிகள் சொன்னதுபோல 'எங்களால் முடியாதே' என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் ஒரு தனிமனிதச் சோதனையில் கிடைக்காது.