செஞ்சியின் பாட்டும் புதுச்சேரியின் நாட்குறிப்பும்

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் மகன் செலவில் ஐரோப்பா போகிறார். பிரான்சில் அவருக்குக் கிடைப்பது இரண்டே நாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஊர் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பர்கண்டியில் உள்ள போன் என்ற ஊரா, அல்சாஸில் உள்ள கொல்மாரா என்று கேட்டு எனக்கு எழுதியிருந்தார். ஆங்கிலம் படித்தவனுக்குப் பிரான்சும் தெரிந்திருக்கும் என்பது நம் ஊரில் பழைய நம்பிக்கை.

பிரஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களில் எனக்குப் பழக்கமானவை இரண்டுதான். ஒன்று நான் வங்கியில் வேலை பார்க்கும் செஞ்சி. மற்றது இங்கிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் புதுச்சேரி. சனிக்கிழமை மாலை பஸ் ஏறும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஒரு ஒயின் பிரதேசம் என்பதில் சந்தேகமே கிடையாது, திராட்சைதான் இல்லை.

நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இந்த இரண்டு ஊர்களும் குறுக்கே வந்து நின்றன.

தொடக்கத்தில் புதுச்சேரி செஞ்சியின் தயவில் இருந்த ஊர். பிரான்சுவா மர்த்தேன் அங்கே குடியேறியது 1674இல். 1677இல் செஞ்சியைச் சிவாஜி பிடித்ததும் மர்த்தேன் அவரிடம் தூது அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு ராஜாராம் முகலாயருக்குத் தப்பிச் செஞ்சிக்குள் அடைந்து கிடந்த காலத்தில், 1693இல், டச்சுக்காரர்கள் அவரிடம் பணம் கொடுத்து உரிமை பெற்றுக்கொண்டு புதுச்சேரியைப் பிடித்தார்கள். கோட்டைக்குள் முற்றுகையில் இருந்த ஒருவர் கடலோரத்து ஊரை விற்றார். பிரஞ்சுக்காரருக்கு அது திரும்பக் கிடைத்தது 1699இல், ஐரோப்பாவில் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையின் பேரில்.

ஐம்பது வருஷத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 1750 செப்டம்பரில் துய்ப்ளெக்ஸின் ஆட்கள் செஞ்சிக்கு வந்தார்கள். ஜூல்பிகர் கான் 1690இலிருந்து எட்டு வருஷம் முற்றுகையிட்டு வாங்கிய கோட்டையைப் புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். அதே டிசம்பரில் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தன் பாளையத்தில், தன் பக்கத்துக் கடப்பை நவாபின் கையாலேயே சுடப்பட்டு யானை மேல் செத்தார். அந்த இடத்தில் தன் பெயரில் வெற்றி நகரம் ஒன்றும், நான்கு மொழிகளில் புகழ் பொறித்த தூண் ஒன்றும் எழ வேண்டும் என்று துய்ப்ளெக்ஸ் விரும்பினார். 1752இல் கிளைவ் அந்த வழியாகப் போகும்போது அதை இடித்துப் போட்டார். மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த இடத்தை ரசித்து ரசித்து எழுதுகிறார். பி.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது அது நடந்தது என் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பிறகு பத்து வருஷம் செஞ்சி பிரஞ்சு ஊர். அந்தப் பத்து வருஷத்தில் அங்கே 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் இறந்தார்கள் என்று ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். போரில் அல்ல, இந்த மலைகளுக்கு நடுவே தேங்கும் சூட்டிலும் காய்ச்சலிலும். 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. செஞ்சி விழுந்தது ஏப்ரல் 5ஆம் தேதி. தலைநகர் போன பிறகு 79 நாள், ஊருமில்லாமல் கப்பலுமில்லாமல், சிலர் இந்தக் குன்றுகளின் மேல் பிரஞ்சுக் கொடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் ஒரு வரிகூடச் செஞ்சியின் ஞாபகத்தில் இல்லை. இங்கே யாரைக் கேட்டாலும் தேசிங்கு ராஜன்தான். தேஜ்சிங் செஞ்சியில் இருந்தது பத்து மாதம். 1714 ஜனவரியில் தகப்பன் இறந்தான். அக்டோபர் 3ஆம் தேதி ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டையிட்டு மகனும் இறந்தான். வயது இருபத்திரண்டு. பிரச்சினை கப்பப் பாக்கி. வங்கியில் நான் தினமும் பார்க்கும் விவகாரம். ஆனால் ஒரு குதிரை, ஒரு முஸ்லிம் நண்பன், உடன்கட்டை ஏறிய ஒரு பெண் எல்லாம் சேர்ந்து பாட்டாகிவிட்டது. பத்து மாதத்துக்குப் பாட்டு. பத்து வருஷத்துக்கு ஒன்றுமில்லை. பாட்டு எதை வைத்துக்கொள்கிறதோ அதைப் பிரகாசமாக வைத்துக்கொண்டு, சுற்றியிருந்த முந்நூறு வருஷத்தை இருட்டாக்கிவிடுகிறது. 2025இல் யுனெஸ்கோ மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியைச் சேர்த்தபோதும் நடந்தது இதுதான். இருபத்தோரு வருஷம் மராத்தியர் கையில் இருந்த கோட்டைக்கு ஒரே பெயர் கிடைத்துவிட்டது.

புதுச்சேரிக்குப் பாட்டு வாய்க்கவில்லை. வாய்த்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்குத் தாம்பூலம், எந்தச் சரக்கு என்ன விலை, கவர்னர் மனைவி யாரிடம் என்ன வாங்கினாள், யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள், எல்லாம் இருக்கிறது. பிரஞ்சும் போர்ச்சுக்கீசும் பாரசீகமும் தாறுமாறாகக் கலந்த கடைவீதித் தமிழ். பிள்ளை பெரிய மனிதர், தன் காரியத்தில் கண்ணுள்ளவர், போட்டி துபாஷ்கள் மேல் வன்மம் உள்ளவர். வீரம் எதுவும் கிடையாது. புதுச்சேரி விழுவதற்கு நாலு நாள் முன்பு, 1761 ஜனவரி 12ஆம் தேதி இறந்தார்.

நம் விமர்சனத்தில் ஒரு சௌகரியமான பழக்கம் இருக்கிறது. தேசிங்கு பாட்டை இலக்கியம் என்று ஒரு பக்கம் வைப்போம். பிள்ளையின் நாட்குறிப்பைச் சரித்திர ஆவணம் என்று சரித்திரக்காரர்களிடம் தள்ளிவிடுவோம். தமிழ் உரைநடை ஆங்கிலம் படித்தவர்களோடு பிறந்தது என்றும் சொல்லிக்கொள்வோம். மெக்காலேயின் கட்டுரைக்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஒரு தமிழர், ஒரு நகரத்தின் முழு நாளையும், அதன் அற்பத்தனத்தோடு சேர்த்து, இருபத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறார். யதார்த்தம் வேண்டும் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டினார்களா? நானும் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் முதலில் படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே புதுச்சேரி என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடுள்ள கருங்கல் தூண்களைப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை. கோட்டையைப் பிடித்த கையோடு பிரஞ்சுக்காரர்கள் வண்டியேற்றி அனுப்பியவை. வார விடுமுறைக்கு வருபவர்கள் அவற்றில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். செஞ்சிக்குப் போகவே வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் செஞ்சியில் சாய்ந்துதான் அப்படி நினைக்கிறார்கள்.

போன மாதம் பயிர்க்கடன் விஷயமாகத் தொண்டூருக்குப் போனேன். நிலக்கடலைக் கொல்லைகளைப் பார்த்து முடித்தபின், ஊருக்குப் பக்கத்துக் குன்றில் சமணர் கற்படுக்கைகள் இருக்கும் இடத்துக்கு ஏறினேன். பாறையில் தமிழ் பிராமியில் ஒரு வரி. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்கிறார்கள். அகலூர் தருமம், செய்தவன் மோசி என்பது அதில் உள்ள செய்தி. அகலூர் இன்றும் இருக்கிறது. எங்கள் கிளைக்கு வாடிக்கையாளர்கள் அங்கிருந்து வருகிறார்கள். படுக்கை வெட்டிய ஒரு கல்தச்சன் பெயரை ஆயிரத்து எழுநூறு வருஷம் வைத்துக்கொண்டிருக்கும் இந்த வட்டாரம், காய்ச்சலில் செத்த ஆயிரத்து இருநூறு பேரில் ஒருவன் பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களில் எத்தனை பேர் திராட்சைத் தோட்டத்துக் கூலிகளின் பிள்ளைகளோ.

கொல்மார் நம் செஞ்சி மாதிரி ஊர். 1871இல் ஜெர்மனிக்குப் போய், முதல் யுத்தத்துக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பி, 1940இல் மறுபடி ஜெர்மனி, 1945இல் மறுபடி பிரான்ஸ். செஞ்சிக்காரன் என்ற முறையில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் போன் என்று எழுதினேன். அங்கே 1443இல் நிக்கொலா ரோலன் ஏழைகளுக்காக ஏற்படுத்திய ஆஸ்பத்திரி இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களின் வருமானத்தில் நடந்தது. பழைய கட்டிடத்தில் 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள். ஒயின் ஏலம் இன்னும் வருஷா வருஷம் நவம்பரில் நடக்கிறது. அந்த நீளமான கூடத்தில் கட்டில்கள் இரண்டு வரிசையாக இருக்குமாம். அவற்றைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள், தொண்டூருக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன் என்று கடிதத்தை முடித்தேன். நண்பர் டிக்கெட் வாங்கிவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது. கொல்மாருக்கு.