மேய்ன் சிங்கி இறால் பிடிப்பு

மேய்ன் சிங்கி இறால் பிடிப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் அமைந்துள்ள மேய்ன் மாநிலத்தின் கரையோரத் தொழில் ஆகும். அந்நாட்டில் பிடிபடும் அமெரிக்கச் சிங்கி இறாலில் பெரும்பகுதி இங்கிருந்தே கிடைக்கிறது. இவ்வினத்திற்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு. தமிழக, இலங்கைக் கடல்களில் பிடிபடும் சிங்கி இறால்களுக்கு அவை இல்லை.

தொழில் முறை

இரை வைத்த கம்பிக் கூடுகள் கடலடியில் இறக்கப்படுகின்றன. அவற்றின் இடத்தை மேலே மிதக்கும் மிதவைகள் காட்டும். ஒவ்வொரு மீனவருக்கும் தனி மிதவை நிறம் உண்டு. ஒருவர் அதிக அளவாக 800 கூடுகள் இடலாம். உரிமம் பெற்றவரே படகில் இருந்து தொழில் செய்ய வேண்டும் என்பதால், பெருநிறுவனங்கள் படகுகளை வாங்கிக் கூலிக்கு ஆளமர்த்தி இத்தொழிலை நடத்த இயலாது. 8 வயது முதலே மாணவர் உரிமம் பெறலாம். இத்தொழில் குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டமும் வழக்கமும்

முட்டை சுமக்கும் பெண் இறால்களைப் பிடிப்பது 1872ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அத்தகைய இறால் கூட்டில் சிக்கினால், மீனவர் அதன் வால் துடுப்பில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒரு வெட்டு இட்டுக் கடலில் விடுகிறார். பின்னர் முட்டையின்றிப் பிடிபட்டாலும், அந்த வெட்டு தெரியும் வரை அதனை யாரும் விற்க முடியாது. நடுக்கடலில் கண்காணிக்க எவரும் இல்லாதபோதும் இவ்வழக்கம் பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுவது குறிப்பிடத்தக்கது. மேலோட்டின் நீளம் 83 மில்லிமீட்டருக்குக் குறைந்தவையும் 127 மில்லிமீட்டரை மிஞ்சியவையும் கடலுக்கே திரும்புகின்றன. பெரியவை மிகுதியாக முட்டையிடும் என்பதே மேல் வரம்பின் நோக்கம்.

எழுதப்படாத விதிகளும் உள்ளன. ஒவ்வொரு துறைமுகத்தாரும் தமக்கென ஒரு கடற்பரப்பை வைத்துள்ளனர். பிறர் அங்கே கூடு இட்டால் முதலில் மிதவைக் கயிற்றில் முடிச்சிட்டு எச்சரிப்பர். மீறினால் கயிறு அறுக்கப்படும். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் 1988இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பொருளாதாரம்

2016ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 டன் பிடிக்கப்பட்டது. இதுவே உச்ச அளவு. 2021இல் பிடிப்பு குறைந்திருந்தும் விலை உயர்வால் மதிப்பு 70 கோடி டாலரைத் தாண்டியது. 2024இல் பிடிப்பு சுமார் 39,000 டன்னாகச் சரிந்தது. படகு கட்டுவோர், இரை விற்போர், உணவகத்தார் எனப் பலரும் இவ்வருவாயைச் சார்ந்துள்ளனர்.

சிக்கல்கள்

மேய்ன் வளைகுடா வேகமாக வெப்பமடைந்து வருகிறது. தெற்கே லாங் தீவு நீரிணையில் 1999இல் இறால்கள் பெருமளவில் மடிந்தன. அப்பகுதித் தொழில் இன்றுவரை மீளவில்லை. மேய்ன் கடலிலோ வெப்பம் தொடக்கத்தில் இறால் பெருக உதவியது.

மிதவைக் கயிறுகளில், 400க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள வட அத்திலாந்திக் ரைட் திமிங்கிலங்கள் சிக்குவதுண்டு. 2024 சனவரியில் மசாச்சுசெட்சில் இறந்து ஒதுங்கிய இளம் திமிங்கிலத்தின் உடலில் இருந்த கயிற்றில், மேய்ன் மீனவர் பயன்படுத்த வேண்டிய ஊதா நிறக் குறி காணப்பட்டது. கயிறு தொடர்பான புதிய நடுவண் விதிகளை 2028 இறுதி வரை தள்ளி வைக்கும் சட்டத்தை 2022இல் அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றியிருந்தது.

இளம் இறால்களின் எண்ணிக்கை குறைந்ததால், பிடிக்கத்தக்க சிறும நீளத்தைச் சுமார் 1.6 மில்லிமீட்டர் உயர்த்தத் திட்டமிடப்பட்டது. வால் வெட்டை இத்தனை காலம் காத்துவந்த மீனவர்களே இதனைக் கடுமையாக எதிர்த்தனர். கனடிய மீனவர்களுக்கு அவ்வரம்பு பொருந்தாது என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று. 2025இன் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.